தொட்டிக்கு அடியில் ஓர் அரவை

சமையலறைச் சிங்க்குக்கு அடியில் பொருத்தப்பட்டு, மிஞ்சிய சோற்றையும் காய்த்தோலையும் நுண்துகளாக்கி நீரோடு சேர்த்துக் கழிவுநீர்க் குழாய்க்குள் தள்ளிவிடும் உணவுக்கழிவு அரவைக் கருவியை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் வாழ்ந்த ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக்கலைஞர் 1927ஆம் ஆண்டில் உருவாக்கினார். 1935இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது, 1938இல் அதைச் செய்து விற்க அவர் தனி நிறுவனமே தொடங்கினார். சேலம், நாமக்கல் சமவெளியின் வீடுகளில் இக்கருவி இன்னும் பரவலாகவில்லை என்றாலும், மாடுலர் கிச்சன் அமைப்போர் அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருப்பதால், அதன் இயல்பை இவ்வட்டாரத்துச் சமையலோடும் சாக்கடையோடும் வைத்துப் பார்ப்பது தேவையாகிறது.

இவ்வட்டாரத்தில் இந்த வேலையை நெடுங்காலம் மாடுகளே செய்துவந்தன. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் காய்த்தோலும் கழனித் தண்ணீராகி மாட்டுத் தாழிக்குப் போயின. பாத்திரம் கழுவிய நீர் பொடக்காலி எனப்படும் வீட்டின் பின்புறத்தில் நின்ற வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தது. மாடும் பொடக்காலியும் இல்லாத மாடி வீடு வந்த பிறகே, சமையலறைக் கழிவு அப்புறப்படுத்த வேண்டிய ஒரு பொருளாயிற்று.

இக்கருவிக்குள் மிக்சியில் உள்ளதுபோன்ற கத்தி இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அங்கே கத்தி எதுவும் கிடையாது. மோட்டாரால் வேகமாகச் சுழலும் ஒரு வட்டத் தட்டும், அதன்மேல் பொருத்திய உலோகத் துண்டுகளும், உட்சுவரைச் சுற்றிப் பற்கள் கொண்ட ஒரு நிலையான வளையமும் உள்ளன. தட்டில் விழும் கழிவு சுழற்சியின் விசையால் ஓரத்துக்கு எறியப்பட்டு, வளையத்தில் உரசித் தேய்ந்து துகளாகி, நீரோடு கீழே இறங்குகிறது. ஆகவே இது வெட்டும் கருவியன்று, தேய்க்கும் கருவி. நார் உள்ள பொருள்கள் இதற்கு ஆகாதவையாக இருப்பதற்குக் காரணம் இதுவே: முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல், புளிச்சக்கை, தேங்காய் நார், கறிவேப்பிலைக் காம்பு ஆகியவை தேய்வதற்குப் பதிலாகச் சுற்றிக்கொள்கின்றன. கொங்குச் சமையலில் அன்றாடம் ஒதுக்கப்படுபவற்றில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் அடங்கிவிடுவது கருவிக்குச் சற்றே துரதிர்ஷ்டம்தான். சோறு நாரற்றது ஆயினும், மொத்தமாகத் தள்ளினால் குழாயில் பசைபோல் ஒட்டி அடைக்கும். முட்டைப் பண்ணைகளுக்குப் பேர்பெற்ற நாமக்கல்லில் முட்டை ஓட்டைப் பற்றியும் கேள்வி எழும். ஓடு அரைபட்டாலும், அதன் உட்பக்கத்து மெல்லிய சவ்வு தனியே உரிந்து ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் அதைச் செடிக்கு உரமாக இடுவது மேல். குழம்பு எண்ணெய் சூட்டில் இளகி உள்ளே ஓடிப்போய்க் குழாயில் உறைவதைத் தவிர்க்க, பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டே கருவியை இயக்க வேண்டும். அரவை ஓய்ந்த பிறகும் சற்று நேரம் நீர் ஓட வேண்டும்.

பொருத்தும் வேலையில் முதலில் அளக்க வேண்டியது சிங்க்கின் துளை. பெரும்பாலான கருவிகள் ஏறத்தாழ மூன்றரை அங்குலத் துளைக்கென வடிவமைக்கப்பட்டவை. பழைய சிங்க்குகளின் துளை வேறு அளவில் இருந்தால் ஒன்று சிங்க்கையே மாற்ற வேண்டும், அல்லது ஆசையைக் கைவிட வேண்டும். பழைய கப்ளிங்கைக் கழற்றிய பின், மேலிருந்து இறக்கும் விளிம்பு வளையத்தின் அடியில் நீர் கசியாதபடி மக்கு பூசி, கீழிருந்து ரப்பர் வளையத்தையும் தாங்கு வளையத்தையும் ஏற்றி மூன்று திருகுகளால் சீராக இறுக்க வேண்டும். அதன் பிறகே கருவியைத் தூக்கி வளையத்தில் மாட்டித் திருப்பிப் பூட்ட வேண்டும். கனம் அதிகமாதலால், அடியில் ஒரு முக்காலியோ கவிழ்த்த வாளியோ வைப்பது கைக்கு உதவும். மின் இணைப்பு இந்திய 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரியதாக இருப்பதும், ஈரமான இடமாதலால் எர்த் இணைப்பு பழுதற்றிருப்பதும் கட்டாயம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் கருவியை அப்படியே இங்கே இணைத்தால் அது எரிந்துபோகும்.

கருவி நின்றுவிட்டதென்று புதியது வாங்குவோர், பழையது வெறுமனே சிக்கிக்கொண்டிருக்கலாம் என்பதை முதலில் சோதிக்க வேண்டும். மின்சாரத்தை அறவே நிறுத்திவிட்டு, பல கருவிகளின் அடிப்புறத்து நடுவில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகி இருபுறமும் அசைத்தால் சிக்கல் விடுபடும். பிறகு அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் மீண்டும் ஓடக்கூடும். மாற்றுவதே முடிவென்றால், அதே வகைப் பூட்டு வளையம் உள்ள கருவியை வாங்கினால் மேல்விளிம்பைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் குழாய்தான் முக்கியமானது. இங்கே பல வீடுகளில் சிங்க்கிலிருந்து இறங்குவது மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் ஹோஸ். அந்த மடிப்புகளில் அரைத்த துகள் தங்கி அழுகும். வழவழப்பான பிவிசி குழாயை, அடிக்குக் கால் அங்குலம் சரிவாக அமைத்து, துர்வாயு மேலேறாமல் நீரைத் தேக்கி நிறுத்தும் வளைவான டிராப்பையும் இணைத்தால்தான் கருவி பயன்படும்.

அந்தக் குழாய் சென்று சேரும் இடத்தைத் தெருத்தெருவாகவே சொல்ல முடியும். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் அது செப்டிக் டேங்க்குக்கோ திறந்த சாக்கடைக்கோ போகிறது. முன்னதில் அடிவண்டல் விரைவில் நிறையும், பின்னதில் துகள் படிந்து நாறும். சேர்வராயன் மலைப் பக்கத்தில் தோன்றிச் சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு நகரின் கழிவுநீரைச் சுமந்து, நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. நியூயார்க் நகரமே தன் சாக்கடைகளுக்கு அஞ்சி இக்கருவியைப் பெரும்பகுதியில் தடைசெய்து வைத்திருந்து, 1997இல்தான் அனுமதித்தது என்பது இங்கே கருதத்தக்கது.

அரைத்துப் பிரிப்பதில் இவ்வட்டாரத்துக்குத் தனி அனுபவமும் உண்டு. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுக்கும் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் சக்கையான திப்பி காய்ந்து மாட்டுத் தீவனமாகிறது. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகளும் உள்ளன. வீட்டுச் சிங்க்கில் அரைபடுவதோ திப்பியும் நீருமாகப் பிரியாமல் ஒன்றாகவே போய்விடுகிறது. திடக்கழிவு விதிகளின்படி மக்கும் குப்பையைத் தனியே பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தால், அது உரமாகும் வாய்ப்பேனும் இருக்கிறது. சிங்க்குத் துளையில் ஒரு சல்லடைத் தட்டைப் போட்டுவைத்தால் அதற்குப் போதும்.