விதைத்தவர் உறங்குகிறார்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். வாசகம்: மாற்கு 4:26-41)



மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் இரண்டு பேர் தூங்குகிறார்கள். முதலாமவர் ஒரு விவசாயி. நிலத்தில் விதையைத் தூவிவிட்டு வீட்டுக்குப் போகிறார். இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார். விதை முளைத்து வளர்கிறது. எப்படி வளர்கிறது என்று அவருக்கே தெரியாது. இரண்டாமவர் நம் ஆண்டவர். நாள் முழுவதும் கடற்கரையில் மக்களுக்குப் போதித்த களைப்போடு படகில் ஏறுகிறார். பின்பக்கத்தில் தலையணை வைத்துப் படுக்கிறார். புயல் அடிக்கிறது, அலை படகுக்குள் பாய்கிறது, அவர் எழவில்லை. சீடர்கள்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் விதையைப் பற்றிச் சிந்திப்போம், புயலைப் பற்றிச் சிந்திப்போம். இன்று அந்த இருவரின் தூக்கத்தைப் பற்றிச் சிந்திப்போம். ஏனென்றால், நம் பங்குகளில் தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் அதிகம். அவர்கள் அதை வெளியே சொல்வதும் இல்லை.

மகளின் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாத தந்தை, கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் இரண்டு நாளாகப் பேசவில்லை என்று தாய் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார். கணவரை இழந்த பாட்டிக்கு அந்த வீட்டின் அமைதியே பாரமாக இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை இரவில் மூன்று முறை புரட்டிப் படுக்கவைக்கும் மருமகளுக்கு, நேரம் கிடைத்தாலும் கண் மூட மறுக்கிறது. இவர்களிடம் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்: "செபம் பண்ணிவிட்டுப் படுங்கள், தூக்கம் வரும்." வராதபோது அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? தங்களுக்கு நம்பிக்கை குறைவு என்று நினைக்கிறார்கள். தூக்கமின்மையோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது.

இந்தச் சுமையை முதலில் இறக்கி வைப்போம். படகில் அயர்ந்து உறங்கிய அதே இயேசு, கெத்சமனி தோட்டத்தில் உறங்கவில்லை. அந்த இரவில் மனம் கலங்கி, வியர்வை நிலத்தில் விழ விழித்திருந்தார். தூங்கியவர்கள் சீடர்கள். ஆகவே, தூங்காத இரவு நம்பிக்கையற்ற இரவு என்று எவரும் சொல்ல முடியாது. அந்த இரவில் நமக்குத் துணையாக விழித்திருக்கும் ஒருவர் இருக்கிறார்.

எலியா இறைவாக்கினரையும் நினைத்துக்கொள்வோம். ஈசபேல் அரசிக்கு அஞ்சி ஓடிய அவர், பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் விழுந்து, சாவை வேண்டினார். கடவுள் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. அவரைத் தூங்கவிட்டார். வானதூதர் எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் உணவு கொடுத்தார். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்குப் பயணம். நம் களைத்த உடலைக் கடவுள் எவ்வளவு மதிக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அருள் இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவாக்குகிறது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். உடலுக்கு உதவும் எளிய வழிகளைப் பற்றி ஒரு மறையுரையில் பேசுவதற்கு நமக்குத் துணிவு தருவது இந்தப் போதனைதான்.

அப்படி ஓர் எளிய வழி, மென்மையான மூச்சுப் பயிற்சி.

நம் உடலில் பல வேலைகள் நம்மைக் கேட்காமலேயே நடக்கின்றன. இதயத்தைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவாகத் துடி" என்றால் அது கேட்பதில்லை. வயிற்றைப் பார்த்து, "சீக்கிரம் செரித்துவிடு" என்றால் அதுவும் கேட்பதில்லை. மூச்சு மட்டும் வேறு. நாம் மறந்திருக்கும்போது தானாக நடக்கிறது. நாம் நினைத்தால் நம் சொல்லுக்கும் கட்டுப்படுகிறது. உடலுக்குள் நுழைய நமக்கென்று திறந்து வைக்கப்பட்ட கதவு அது.

கவலையோ பயமோ வந்தால் உடல் ஓடுவதற்கும் போராடுவதற்கும் தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தசைகள் இறுகுகின்றன. மூச்சு அடிவயிற்றுக்கு இறங்காமல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. பகலில் ஒரு மாடு துரத்தினால் இவையெல்லாம் நமக்கு உதவும். இரவு பதினொரு மணிக்குப் பாயில் படுத்து வட்டிக் கணக்கை நினைக்கும்போதும் உடல் இதையே செய்கிறது. துரத்துவது மாடா கடனா என்று அதற்குத் தெரிவதில்லை.

இதைத் தணிக்கும் ஏற்பாட்டையும் படைத்தவர் நமக்குள்ளேயே வைத்திருக்கிறார். மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை செல்லும் வேகஸ் நரம்பு, உடலை ஓய்வுக்குத் திருப்பும் நரம்பு. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே விரைகிறது; விடும்போது சற்றே தணிகிறது. ஆகவே, வெளியே விடும் மூச்சை நீளமாக்கினால், "ஆபத்து இல்லை, ஓய்வெடுக்கலாம்" என்ற செய்தி உடலுக்குப் போகிறது.

செய்முறை கடினமானதல்ல. படுத்துக்கொண்டோ சாய்ந்து உட்கார்ந்துகொண்டோ, ஒரு கையை வயிற்றின் மேல் வைப்போம். தோள்களைத் தளர்த்துவோம். மூக்கு வழியாக, மனதுக்குள் நான்கு எண்ணும் நேரம் மெல்ல மூச்சை இழுப்போம். வயிற்றின் மேல் உள்ள கை இலேசாக உயரட்டும். பிறகு ஆறு எண்ணும் நேரம் மெல்ல விடுவோம்; கை தாழட்டும். நடுவில் மூச்சை அடக்க வேண்டாம். பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இந்தக் கணக்கில் அது 6 முறையாகக் குறைகிறது. நான்கும் ஆறும் சிரமமாக இருந்தால் மூன்றும் நான்கும் போதும். இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக இருக்கட்டும், அவ்வளவுதான். ஐந்து முதல் பத்து நிமிடம் செய்யலாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுவோம். பகலிலும் ஒருமுறை செய்து பழகினால், இரவில் உடல் விரைவில் அடங்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இது தூக்கத்தைப் பிடித்து இழுத்து வரும் கயிறு அல்ல. "தூங்கியே ஆக வேண்டும்" என்று முயலும்போதெல்லாம் தூக்கம் விலகிப் போகிறது. அந்த விவசாயியைப் பாருங்கள். விதைப்பது அவருடைய வேலை. முளைக்கச் செய்வது அவருடைய வேலையல்ல. மெல்ல மூச்சு விடுவது நம் வேலை. தூக்கம் கொடை. இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது மீண்டும் படுக்கலாம்.

சிலர் கேட்கக்கூடும்: "இது யோகா மாதிரி இருக்கிறதே, நாம் செய்யலாமா?" மூச்சு எந்த ஒருவருக்கும் தனிச்சொத்து அல்ல. நிலத்தின் மண்ணால் உருவாக்கிய மனிதனுக்குள் கடவுள் ஊதியது உயிர்மூச்சு என்று தொடக்க நூல் சொல்கிறது. உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியாரை அளித்தார். எபிரேய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல் உண்டு. நம் தமிழிலும் இட்லிப் பானையில் எழுவது ஆவி, உயிர் பிரியும்போது போவது ஆவி, நாம் வணங்குவது தூய ஆவியார். தூக்கம் வருமுன் வரும் கொட்டாவியிலும் ஆவி இருக்கிறது!

புனித இஞ்ஞாசியார் எழுதி, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், மூச்சோடு செபிக்கும் முறை ஒன்று உண்டு. ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தை மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லி, அடுத்த மூச்சு வரும்வரை அந்தச் சொல்லிலேயே மனத்தை நிறுத்துவது அது. கீழைத் திருஅவைகளில் இயேசுவின் பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லும் மரபு நெடுங்காலமாக இருக்கிறது. அதே வேளையில், 1989இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானத்தைப் பற்றி எழுதிய மடல் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது: உடலுக்குக் கிடைக்கும் அமைதியைத் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று எண்ணிக் குழம்பக் கூடாது. மூச்சுப் பயிற்சி உடலுக்கு உதவி. செபம் தந்தையோடு உறவு. முன்னது பின்னதற்குப் பாய் விரித்துத் தரலாம்.

எனவே, பயிற்சியோடு ஒரு சிறு செபத்தையும் இணைத்துக்கொள்ளலாம். மூச்சை இழுக்கும்போது "தந்தையே" என்போம். விடும்போது "இந்த நாளை உம்மிடம் தந்தேன்" என்போம். சிலுவையில் ஆண்டவர் தம் இறுதி மூச்சைத் தந்தையின் கையில் ஒப்படைத்தார். திருஅவையும் ஒவ்வொரு நாளும் தன் இரவுச் செபத்தில் அந்த ஒப்படைப்பைச் செய்கிறது. ஒவ்வொரு இரவும் உறங்கப் போவது, கடைசி இரவுக்கு நாம் எடுக்கும் சிறிய ஒத்திகை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரியில் மணிலா நகரில் குடும்பங்களைச் சந்தித்தபோது, தம் மேசையில் உள்ள உறங்கும் புனித யோசேப்பின் சுரூபத்தைப் பற்றிப் பேசினார். ஏதாவது சிக்கல் வந்தால் அதை ஒரு தாளில் எழுதி அந்தச் சுரூபத்தின் அடியில் வைத்துவிடுவாராம். நாமும் படுக்கப் போகுமுன் நாளைய கவலைகளை ஒரு தாளில் எழுதிச் செபப் பீடத்தில் வைத்துவிடலாம். எழுதி வைத்ததை மனம் திரும்பத் திரும்பச் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால், எல்லாச் சுமையும் மூச்சால் இறங்கிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரத்தில் மூன்று இரவுக்குமேல், மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். இந்தப் பயிற்சி அதற்கு மருந்தாகாது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யட்டும். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை நாம் வாங்கி விழுங்க வேண்டாம். எலியாவைப் போல, வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எவருக்காவது வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். குடும்பத்தாரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லலாம். அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416 இரவிலும் பேசும்.

இன்னொன்றும் உண்டு. பிறருடைய தூக்கம் நம் கையில் இருக்கிறது. ஏழை ஒருவர் தம் மேலாடையை அடகு வைத்தால், அவர் அதைப் போர்த்தித் தூங்கும்படி, கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் கட்டளை. ஓர் ஏழையின் தூக்கத்துக்காகக் கடவுள் சட்டம் இயற்றியிருக்கிறார்! நாம் நிறுத்தி வைத்த கூலி எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது? நாம் கேட்கும் கந்துவட்டி? நம் திருவிழா ஒலிபெருக்கி இரவு 10 மணிக்குமேல் ஒலித்தால், கோவிலுக்கு அடுத்த வீட்டு நோயாளி என்ன செய்வார்? இரவு 10 முதல் காலை 6 வரை அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது நாட்டின் விதியும்கூட. நோயாளியைக் கவனிக்கும் அந்த மருமகளுக்கு, வாரத்தில் ஓர் இரவு வேறு ஒருவர் துணைக்குப் போனால், அவருக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படாமல் போகலாம். நம் அன்பியங்கள் இதைச் செய்ய முடியும்.

அன்பிற்குரியவர்களே, இன்று இரவு படுக்கும்போது நம் கைபேசியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவோம். கையை வயிற்றின் மேல் வைத்து, நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவோம். நாம் விதைத்தது நிலத்தில் இருக்கிறது. விழித்திருந்து அதைக் காவல் காக்கத் தேவையில்லை.

செபிப்போம். விண்ணகத் தந்தையே, எங்களுக்குள் மூச்சை ஊதியவரே, இன்று தூக்கமில்லாமல் தவிக்கும் எல்லாரையும் உம் கரங்களில் தருகிறோம். நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்போருக்கும் இளைப்பாறுதல் தாரும். பிறருடைய உறக்கத்தைக் கெடுக்காத மனதை எங்களுக்குத் தாரும். நாங்கள் கண் மூடும்போதும் நீர் விழித்திருக்கிறீர் என்ற உறுதியோடு எங்களை உறங்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.