மெலிந்த பிள்ளைக்கு ஊசி போடலாமா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நம் வன்னிக் கிராமங்களில் வழங்கும் பேச்சொன்றை இன்று ஆராய விரும்புகின்றோம். "பிள்ளை வாடிப்போய் இருக்கிறது, உடம்பு தேறட்டும், பிறகு ஊசி போடுவம்" என்பதே அது. அன்பினால் எழும் பேச்சுத்தான். ஆயினும் பிள்ளைக்குக் கேடு செய்யும் பேச்சு.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பிறந்தவுடன் போடும் பீ.சீ.ஜீ. ஊசியிலும், போலியோச் சொட்டிலும், ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் சின்னமுத்து முதலிய நோய்களுக்காகப் போடும் ஊசியிலும் உயிருள்ள கிருமியே இருக்கின்றது. ஆனால் அது வலிமை குறைக்கப்பட்ட கிருமி. உடம்பினுள் சிறிதளவு பெருகி, எதிர்ப்புச் சக்தியைப் பழக்கிவிட்டு அடங்கிவிடும். மெலிந்த உடம்புக்கும் அதனை அடக்கும் ஆற்றல் உண்டு. ஆதலால், போசாக்குக் குறைவு ஊசியைத் தள்ளிவைக்கக் காரணமன்று என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கடும் மெலிவினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிள்ளைக்கும், ஆறு மாதம் நிரம்பியிருந்தால், சின்னமுத்து ஊசி போடும்படியே அது கூறுகின்றது. ஒன்பது மாதத்துக்கு முன் போட்டதாயின் பின்னர் மீண்டும் போடவேண்டும்.

ஊசியினால் சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் சிறு தடிப்பும் வரலாம். சின்னமுத்து நோயோ மெலிந்த பிள்ளையையே கடுமையாகத் தாக்கும். வயிற்றோட்டமும் நியூமோனியாவும் தொடரும். உயிர்ச்சத்து 'ஏ' குறைந்து கண்ணொளியும் போகலாம். இலங்கையில் இந்நோய் ஒழிந்ததென்று 2019இல் சான்று கிடைத்தது; 2023இல் அது மீண்டும் பரவியதை மறத்தலாகாது.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். மெலிவு வேறு, மெலிவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நோய் வேறு. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி அற்ற பிள்ளைக்கும், புற்றுநோய் மருந்து போன்றவற்றால் அச்சக்தி குன்றிய பிள்ளைக்கும் உயிருள்ள கிருமி ஆபத்தாகலாம். நன்றாக ஊட்டியும் நிறை ஏறாமல், கடும் நோய்கள் அடுத்தடுத்து வருமாயின், அல்லது கூடப்பிறந்த குழந்தை அவ்வாறு இறந்திருக்குமாயின், ஊசிக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

போசாக்குக் குறைந்த பிள்ளையிடம் சில மருந்துகளின் பலன் குறையக்கூடும். 1970களில் வேலூரில் வைத்தியர் ஜேக்கப் ஜான், மூன்று முறை போலியோச் சொட்டுக் கொடுத்தும் பல பிள்ளைகளுக்குப் போதிய பாதுகாப்புக் கிட்டாததைக் கண்டார். குடற் கிருமிகள் முதலிய பல காரணங்கள் அதற்குக் கூறப்படுகின்றன. இதனால் நாம் கொள்ளவேண்டிய பாடம், ஒரு தடவையையும் தவறவிடக்கூடாது என்பதே.

1995இல் தொடங்கிய போலியோ ஒழிப்பு நாட்களுக்காக, போரிட்ட இரு தரப்பாரும் துப்பாக்கிகளை ஓயவைத்தனர். உணவு அருகியிருந்த அக்காலத்திலும் வன்னித் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தனர். 1993க்குப் பின் இந்நாட்டில் போலியோ நோயாளர் எவரும் காணப்படவில்லை.

இளைஞர்களே! துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உட்கிராமங்களில் கிளினிக்குக்குப் போக வழியின்றி நிற்கும் தாய்மாரை ஏற்றிச் செல்வதும் நம் சங்கத்தின் தொண்டாகட்டும். ஊசிக்குச் செல்லும் நாளே நிறை பார்க்கும் நாளுமாகும். மெலிந்த பிள்ளைக்குத் திரிபோஷா கேட்கும் நாளுமாகும். ஊசியும் உணவும் ஒன்றுக்கொன்று காத்திருக்கவேண்டியவை அல்ல. இரண்டும் ஒருங்கே செல்லட்டும்.