மண்ணை அறிந்த ஹுடெக்

ஷாங்காய் நகரத்துக் கட்டடக் கலை என்றவுடன், ஹுவாங்பூ ஆற்றங்கரையில் ஆங்கிலேயக் கம்பெனிகள் எழுப்பிய மாளிகை வரிசையையும், எதிர்க்கரையில் இன்று கண்ணாடி போர்த்து நிற்கும் கோபுரங்களையும் மட்டுமே போற்றுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. கட்டடத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்துவரும் எனக்கு அந்த நாகரிகத்தின்மேல் பொறுமை இல்லை. அந்நகரின் மகத்தான சிற்பி லாஸ்லோ ஹுடெக் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஹங்கேரி ராஜ்யத்தில் 1893-ல் பிறந்த அவர், முதல் உலக யுத்தத்தில் ருஷ்யரிடம் கைதியாகி, சைபீரியாவிலிருந்து தப்பி, 1918-ல் ஷாங்காய் வந்து சேர்ந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சீனச் சட்டத்துக்குக் கட்டுப்படாத விசேஷ உரிமை பிற ஐரோப்பியர் பலருக்கு அங்கே இருந்தது. தம் நாடு அடங்கியிருந்த சாம்ராஜ்யம் யுத்தத்தில் சிதறிப்போன ஹுடெக்குக்கு அது இல்லை. அதனாலேயே, வழக்கென்று வந்தால் சீன நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடிய இவரைச் சீனத் தனவந்தர்கள் நம்பி நாடினார்கள்.

அவ்வாறு நாடிய சீன வங்கியாளர்களுக்காக, குதிரைப் பந்தய மைதானத்தை நோக்கி 1934-ல் அவர் கட்டி முடித்ததே 22 மாடிப் பார்க் ஹோட்டல். அக்காலத்தில் ஆசியாவிலேயே அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை. ஆயினும் நான் வியப்பது உயரத்தை அன்று, மண்ணை. ஷாங்காயின் மண், ஆறு கொணர்ந்து கொட்டிய வண்டல். பாரம் ஏற்றினால் அமிழும் மண். அந்த மண்ணில் 30 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு நூற்றுக்கணக்கான மரத்தூண்களை அறைந்து, அவற்றின்மேல் கான்கிரீட்டுத் தளத்தைப் பரப்பி, சுவர்களுக்குப் பாரம் தராமல் எஃகுச் சட்டகத்தையே தாங்க வைத்தார். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் மண்ணை அறிந்தார், பிறகே உயரத்தை நினைத்தார். எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர், அஸ்திவாரக் குழியில் இறங்கி மண்ணைக் கையில் பிசைந்து பார்க்காமல் வரைபடத்தைத் தொடவே விடமாட்டார். பார்க் ஹோட்டலின் முன்னே நின்று, கருங்கல் பதித்த அடித்தளத்திலிருந்து பழுப்பு ஓடு வேய்ந்து படிப்படியாய்க் குறுகி மேலேறும் அதன் முகப்பை அண்ணாந்து பார்த்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அருகிலேயே 1933-ல் ஹுடெக் கட்டிய கிராண்ட் தியேட்டரும் அழகுடையதே. எனினும் என் மனம் ஹோட்டலை விட்டு நகர மறுக்கிறது.

ஹுடெக் 1947-ல் ஷாங்காயை விட்டுச் சென்றார். 1958-ல் கலிபோர்னியாவில் காலமானார். அவருடைய பெயர் நெடுங்காலம் அந்நகரில் வழங்கவில்லை. ஆனால் 1950-ல் ஷாங்காயை அளந்த நில அளவையாளர்கள், நகரின் எல்லா அளவுகளுக்கும் தொடக்கப் புள்ளியாகப் பார்க் ஹோட்டலின் உச்சியிலுள்ள கொடிக்கம்பத்தையே தேர்ந்துகொண்டார்கள்.