கணினி ஏற்க மறுக்கும் ஒலி



பாட்டொன்றைப் பதிவு செய்வதற்குப் பெரிய நிலையமும் விலையுயர்ந்த பொறிகளும் வேண்டும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. இன்று ஒரு கைப்பேசியும் ஒரு கணினியும் இருப்பின் வீட்டுக் கூடமே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகிறது. பாட்டியார் பாடும் தாலாட்டையும், ஊர்ப் பெரியவரின் நடவுப்பாட்டையும் நீங்களே பதிந்து, இசை மென்பொருளில் இட்டுச் செப்பம் செய்கிறீர்கள். இது போற்றத்தக்க முயற்சி.

ஆயினும், பதிந்த ஒலியைக் கணினியினுள் கொண்டுவரும்போது, 'இக்கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று மென்பொருள் மறுத்துவிடுவதுண்டு. கோப்பு பழுதாயிற்று என்று எண்ணி, அதை அழித்துவிட்டு வேறு வேலை பார்க்கச் செல்வோர் உண்டு. பாடிய முதியவர் மீண்டும் ஒருமுறை பாடுவார் என்பதற்கு உறுதி ஏது? ஆதலின், அழிப்பதற்கு முன் ஆராய வேண்டும். அதற்கும் முன், கோப்பைப் படியெடுத்து, மூலத்தை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டுப் படியின்மீதே சோதனைகளைச் செய்யவேண்டும். இதுவே முதல் விதி.

ஒலிக்கோப்பு என்பது யாது? ஒலியலையின் உயரத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எழுதிய எண்களின் வரிசையே அது. அவ்வாறு அளப்பதை மாதிரி எடுத்தல் என்பர். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகள் உள்ளன. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும்; அதனைப் பிழையின்றிப் பதிய இருமடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும் என்பது கணக்கு. திரைப்படம், காணொளி ஆகியவற்றில் 48,000 என்பது வழக்கம்.

இவ்வெண்கள் மட்டும் இருந்தால் போதாது. வினாடிக்கு எத்தனை மாதிரி, ஒரு மாதிரிக்கு எத்தனை பிட், ஒலித்தடம் ஒன்றா இரண்டா என்னும் விவரங்களும் வேண்டும். அவை கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். பள்ளியில் புதிதாகச் சேரவரும் மாணவன் கொண்டுவரும் மாற்றுச் சான்றிதழைப் போன்றது அது. மென்பொருள் முதலில் அச்சான்றிதழைப் படிக்கிறது. பிறகே கோப்பை உள்ளே விடுகிறது. மறுப்புகள் பெரும்பாலும் இந்த வாயிலில்தான் நேர்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பெயர் வேறு, பொருள் வேறு. கோப்பின் பெயருக்குப் பின் 'வேவ்' என்றோ 'எம்பி3' என்றோ ஒரு பின்னொட்டு இருக்கும். திறக்காத கோப்பின் பின்னொட்டை மாற்றி எழுதினால் திறந்துவிடும் என்று சிலர் நம்புகின்றனர். சட்டையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. கைப்பேசிகள் பலவும் ஒலியை 'எம்4ஏ' என்னும் வகையில் பதிகின்றன. அதனுள் இருப்பது பெரும்பாலும் ஏ.ஏ.சி. என்னும் முறையில் சுருக்கப்பட்ட ஒலி. சுருக்கியதை விரிக்கும் முறையை மென்பொருள் அறிந்திருக்கவேண்டும். மாணவர் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில், விண்டோஸ் கணினியாயின், இதற்கென 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் துணை நிரலைத் தனியே நிறுவவேண்டும். அல்லது வேறொரு மென்பொருளால் கோப்பை வேவ் வகைக்கு முறையாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால், சுருக்கும்போது இழந்த நுட்பம் வேவ் ஆக மாற்றுவதால் திரும்பி வாராது என்பதை நினைவிற்கொள்க.

இரண்டாவது, கோப்பு திறக்கிறது. ஆனால் குரல் மாறிவிடுகிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்த 4 நிமிடப் பாட்டில் 1,05,84,000 மாதிரிகள் உள்ளன. அதனை மாற்றாமல் 48,000 வீதத்தில் ஒலிக்கச் செய்தால், 220½ வினாடியில், அதாவது 3 நிமிடம் 40 வினாடி அளவில், பாட்டு முடிந்துவிடும். விரைவு மட்டுமா கூடும்? சுருதியும் ஏறும். ஒரு ஸ்தாயியில் உள்ள 12 சுரத்தானங்களில் ஏறத்தாழ ஒன்றரைத் தானம் மேலே போய்விடும். தம்பூராவின் சுருதியோடு பாட்டு சேராது. இதனைக் கேட்டுப் பாடியவரைப் பழிப்பது முறையன்று. தலைப்பகுதியைப் படித்துத் தாமே சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு. புரோ டூல்ஸ் போன்றவற்றிலோ, கோப்பைச் சேர்க்கும்போது மாற்றித் தரும்படி நாம் தெரிவிக்கவேண்டும். பாட்டு விரைந்தாலும் தளர்ந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது இந்த மாதிரி வீதத்தையே.

மூன்றாவது, தலைப்பகுதி சிதைந்த கோப்பு. பதிவு நடக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால், வேவ் கோப்பின் தலைப்பகுதியில் எழுதவேண்டிய நீளம் எழுதப்படாமலே போகலாம். சான்றிதழ் இல்லை, மாணவன் இருக்கிறான்! ஆடாசிட்டியில் தலைப்பகுதியைப் பொருட்படுத்தாமல் வெறும் எண்களை மட்டும் உள்ளே கொண்டுவரும் வழி ஒன்று உண்டு. அப்போது மாதிரி வீதம், பிட் அளவு, தடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நாமே சொல்லவேண்டும். 16 பிட், 44,100 என்பதில் தொடங்கிப் பார்க்கலாம். சொன்னது தவறாயின் பேரிரைச்சல் எழும். ஆகையால் ஒலியளவை முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். சரியாயின் இழந்ததாக எண்ணிய குரல் மீண்டும் ஒலிக்கும். சுருக்கப்பட்ட எம்4ஏ கோப்பு இவ்வாறு எளிதில் மீள்வதில்லை. மீண்டும் கிட்டாத குரலை, இயன்றவரை வேவ் வகையிலேயே பதிதல் நன்று என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, வேலைக்கோப்பை ஒலிக்கோப்பு என்று மயங்குதல். ஆடாசிட்டியில் நாம் சேமிப்பது செய்துகொண்டிருக்கும் வேலையின் குறிப்பு. அதைப் பிற மென்பொருள்கள் ஒலியாக ஏற்பதில்லை. 2021-இல் 3.0 என்னும் பதிப்பு வரும்வரை, குறிப்பு ஒரு கோப்பிலும் ஒலி அதன் பக்கத்திலுள்ள வேறொரு கோப்புறையிலும் இருந்தன. குறிப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பியவர்கள் வெற்றுத் தாளையே அனுப்பியவராயினர். பிறருக்கு அனுப்ப வேண்டுமாயின், ஏற்றுமதி செய்து வேவ் கோப்பாக அனுப்புங்கள்.

ஐந்தாவது, அளவு மிகுதி. வேவ் கோப்பு தன் நீளத்தை 32 பிட் எண்ணால் குறிப்பதால், ஏறத்தாழ 4 கிகாபைட்டுக்கு மேல் நீளாது. குறுந்தட்டுத் தரத்தில் அது ஆறேமுக்கால் மணி நேரம். விடிய விடிய நடக்கும் கூத்தைப் பதிவோர், பகுதி பகுதியாகப் பதிவதே அறிவுடைமை.

இனி, ஆராயும் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். கோப்பின் அளவு சுழியமா என்று பாருங்கள். வேறொரு மென்பொருளில் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். அங்கே ஒலித்தால், குறை கோப்பில் இல்லை. ஏற்கும் இடத்தில் இருக்கிறது. வேறொரு கோப்பை அதே மென்பொருளில் இட்டுப் பாருங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதை ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒருசேர மாற்றினால், எது தீர்த்தது என்பது தெரியாது. அடுத்த முறையும் இருட்டில் தடவ நேரும். அறிவியற் கூடத்தில் நீங்கள் கற்கும் முறையும் இதுவே அன்றோ?

பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. கணினி மறுப்பது கோபத்தினால் அன்று. அதற்கு வேண்டிய ஒரு விவரம் கிடைக்காமையால். அவ்விவரம் எது என்று கேட்டறிபவருக்கு வழி பெரும்பாலும் திறக்கும். முதியோர் பலர் தம் பாட்டை எழுதிவைத்தாரல்லர், நெஞ்சில் வைத்திருக்கின்றனர். அது ஒருமுறை உங்கள் கைப்பேசியில் ஏறிவிட்டால், அதனைக் காக்கும் பொறுப்பு உங்களுடையதாகிறது. அப்பொறுப்பை அறிவோடும் பொறுமையோடும் ஆற்றுவீர்களாக.