தோள் தூக்க முடியாதவர் சோம்பேறியல்லர்

(ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் இம்மேடையில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று அச்சம்பளத்தை ஈட்டும் கையைப் பற்றிப் பேசுவோம். கத்தியைப் பிடிப்பது விரல். அதை இழுப்பது தோள். தோள் போனால் நிரை போயிற்று. நிரை போனால் அடுப்பு அணைந்தது.

மூட்டுவலி நமக்குப் புதிதன்று. உயரமான பட்டையில் கையைத் தூக்கி வெட்டுவதாலும், பால் வாளி சுமப்பதாலும் வருகிற வலி ஒன்று. அது மாலையில் கூடும்; படுத்து எழுந்தால் பெரும்பாலும் குறையும். இன்னொன்று முடக்குவாதம். டாக்டர்கள் இதை ரூமட்டாயிட் ஆர்த்ரைட்டிஸ் என்பர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பதுபோல, மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. மூட்டு வீங்குகிறது, நாளடைவில் எலும்பும் அரிக்கப்படுகிறது. இது பனியால் வந்த வாயுவுமன்று, செய்வினையுமன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. புகை பிடிப்பது அபாயத்தைக் கூட்டும்.

தோழர்களே, இவ்வியாதியின் கொடுமை அதன் நேரத்தில் இருக்கிறது. ஓய்வெடுத்தால் இறுகும், அசைந்தால் இளகும். விடியற்காலையில் விரல் மடங்காது, தோள் எழாது. இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். நமக்கோ பெரட்டு விடியுமுன்; பால் ஓடுவதும் அந்தக் குளிர்ந்த வேளையில்தான். பத்து மணிக்குக் கை சற்று இளகி, அந்தத் தாய் துணி துவைத்தால், "காலையில் வராதவள் இப்போது மட்டும் எப்படித் துவைக்கிறாள்?" என்று கேட்கிறார்கள். ஒரு தோட்டத்தில் இப்படிப்பட்ட ஒரு தாயாரைச் சோம்பேறி என்று சொல்லி நிரையைப் பறித்ததை நாம் கண்டோம். அவர் செய்தது நாடகமன்று; அது வியாதியின் குணம்.

தோள் ஏன் பலமிழக்கிறது? தோள் மூட்டை நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. வீக்கம் அந்நாண்களை நைந்துபோகச் செய்யும். சில சமயம் அறுந்தும் போகும். வலிக்கு அஞ்சிக் கையைத் தூக்காமலிருந்தால் தசை சூம்பும். வியாதியும் தானே தசையைத் தின்னும். பிறகு தலை வாருவதும் சட்டை போடுவதும் கடினமாகிவிடும்.

வைத்தியம் இல்லாமலில்லை. 1948-ல் அமெரிக்காவில் டாக்டர் ஹென்ச் என்பவர் ஒரு நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். 1950-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அம்மருந்தை நெடுங்காலம் தின்றால் எலும்பும் தசையும் மெலியும் என்பது பிறகு தெரிந்தது. சந்தையில் விற்கும் சில ஜாமு மாத்திரைகளில் அவ்வகை ஸ்டிராய்டைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துள்ளது. இரண்டே நாளில் வலி பறந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். உட்கொண்டு வந்தவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரையோடு டாக்டரிடம் செல்லுங்கள்.

இன்று முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்சேட். இது வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கூடவே போலிக் அமில மாத்திரை தருவார்கள். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. மதுவை ஒதுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க எண்ணுவோருக்கும் ஆகாது. முதல் சில மாதங்களிலேயே வைத்தியம் தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். வீக்கம் தணிந்தபின், பயிற்சியாளர் காட்டும்படி, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவதும், விரல்களால் சுவரில் ஏறுவதும் தோளுக்குப் பலம் தரும்.

ஆகவே, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலை இறுக்கம் ஆறு வாரம் நீடித்தால், தைலத்தோடு நிற்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கிருந்து தெலுக் இந்தானுக்கோ ஈப்போவுக்கோ அனுப்பும்படி கேளுங்கள்.

கிராணிமார்களாகிய நாமும் கடமை மறக்கலாகாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக்காலம் இரண்டாண்டுக்குக் குறைவானால் 14 நாள், ஐந்தாண்டுக்குக் குறைவானால் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள்; 2023 முதல் இது தனிக் கணக்கு. டாக்டர் சீட்டு வந்தபின் செக்ரோலில் "வரவில்லை" என்று எழுதுவது அநீதி. உழைக்கும் சக்தியை வெகுவாக இழந்தவர்களுக்கு, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெர்கேசோவில் இயலாமைப் பென்சன் உண்டு. சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நோய் வந்தபின் பார்ப்பதில் பயனில்லை.

நிர்வாகத்தை நாம் கேட்பதும் பெரிதன்று: வைத்தியம் நடக்கும் காலத்தில் இலகுவான வேலை; குணமானபின் அவருடைய நிரை அவருக்கே. முப்பது வருஷம் மரத்துக்கு முன் வளைந்த தோளுக்கு இது சலுகையன்று, உரிமை.

பக்கத்து வீட்டில் ஒருவர் காலையில் கை தூக்க முடியவில்லை என்றால், சிரிக்காதீர்கள். அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள், சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.