எலும்புக்கும் வேலை வேணும்



நம்ம குலசேகரத்துல விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போய் உழைச்சவங்க நிறைய பேர் இங்க இருக்கீங்க. ஐம்பது தாண்டினதும் வீட்டுல என்ன சொல்லுவாங்க? “வயசாச்சுல்லா, இனி சும்மா இரி.” அன்பாத்தான் சொல்லுவாங்க. ஆனா எலும்புக்கு அது ஆகாது.

எலும்பு கல் இல்லை. அதில் பழையது கரைந்து, புதியது கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கரைவதை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது குறைந்துவிடும். கட்டுவதைவிடக் கரைவது கூடிவிடும். வலி தெரியாது. வழுக்கி விழுந்து இடுப்பு முறியும்போதுதான் பலருக்கும் தெரியவரும்.

போன ஹார்மோனை உடற்பயிற்சி திருப்பித் தராது. ஆனால் உடல் பாரம் ஏறி, தசை இழுக்கும்போது எலும்பு உறுதிப்பட முயலும். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயது தாண்டிய பெண்கள் பயிற்சியாளர் முன்னிலையில் வாரம் 2 நாள், அரைமணி நேரம் பளு தூக்கினார்கள். 8 மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. இந்த ஆய்வு 2018-இல் வெளியானது.

நாம உடனே பளு தூக்க வேண்டாம். கூட்டத்துக்கு நடந்து வருவோம். கணக்கு நோட்டைத் திறக்குமுன் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 தடவை எழும்பி இருப்போம். சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவோம். கேழ்வரகும் மீனும் சாப்பிடுவோம். எலும்பு முறிந்தவர்கள், தலைசுற்று உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சந்தா தவறாமக் கட்டுற நமக்கு இதுவும் முடியும்.