பூஜ்யம் காட்டினாலும் மேலே போய்ப் பாருங்கள்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதோடு சேர்ந்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதை நுழைவுச்சீட்டுக் கணக்கு சொல்லிவிடும். மாலையில் ராஜகிரி மேல் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

நம் மொட்டை மாடிக்கும் இதே கேள்விதான். இரவு கதவைப் பூட்டும்போது மேலே பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? இதை எண்ணிச் சொல்லும் கருவியை நாமே செய்யலாம்.

எல்டிஆர் என்ற ஒளி உணரியில் வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும். நிழல் விழுந்தால் கூடும். கதவு நிலையின் ஒரு பக்கம் இரண்டு எல்இடி விளக்குகள், எதிர்ப்பக்கம் இரண்டு உணரிகள். ஒன்று படிக்கட்டுப் பக்கம், மற்றது மாடிப் பக்கம். படிக்கட்டுப் பக்கத்து உணரி முதலில் மறைந்தால் ஆள் மேலே போகிறார்; ஆர்டுயினோ ஒன்றைக் கூட்டும். மாடிப் பக்கத்து உணரி முதலில் மறைந்தால் ஒன்றைக் கழிக்கும். ஒரே உணரி இருந்தால் போவதும் வருவதும் பிரித்துத் தெரியாது.

உணரியை இரண்டடி உயரத்தில் வைத்தால் சிறு பிள்ளைகள் விடுபடமாட்டார்கள். வெயில் நேராகப் படாமல் இருக்க, அதைச் சிறு கறுப்புக் குழாய்க்குள் பொருத்த வேண்டும். இது யாரையும் படம் எடுக்காது. யார் போனார்கள் என்றும் இதற்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பேர் ஒட்டி நடந்தால் ஒருவராகவே எண்ணும். கரண்ட் போய் வந்தால் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேலே நான்கு பிள்ளைகள் இருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ஆகவே பேட்டரி இணைப்பு கட்டாயம் வேண்டும். கணக்கு விட்டுப்போனால் திரையில் பூஜ்யத்துக்குப் பதில் கோடு தெரியும்படி நிரல் எழுத வேண்டும்.

காவலாளிக்கும் நமக்கும் விதி ஒன்றே. திரையில் ஒன்று இருந்தாலும் பூட்டக் கூடாது. பூஜ்யம் இருந்தால், மேலே போய் ஒருமுறை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

இதைச் செய்து பார்க்க விருப்பமுள்ள பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பி வையுங்கள். சேர்ந்தே செய்வோம்.